மலிவு மிதிவண்டியும் மாணவன் உயிரும்



இவ்வலைப்பதிவில் இலக்கணம், கட்டுரைப் பயிற்சி, பள்ளி நடப்புகள் ஆகியவற்றைப் பற்றியே வழக்கமாக எழுதி வருகிறேன். இன்று மிதிவண்டியைப் பற்றி எழுதப் போகிறேன். ‘தமிழ்ப்பள்ளி ஆசிரியருக்கு மிதிவண்டிக் கடையில் என்ன வேலை?’ என்று சிலர் நகைக்கக்கூடும். நகைக்கட்டும். கடந்த வாரம் எங்கள் பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்திலும் சிலர் நகைத்தார்கள். அந்த நகைப்புதான் இக்கட்டுரையை எழுத வைத்தது.

செய்தி இதுதான். இவ்வாண்டுப் பரிசளிப்பு விழாவிற்காக நல்லுள்ளம் கொண்ட ஒருவர் 4,000 ரிங்கிட் நன்கொடை தந்திருக்கிறார். வருகைப் பதிவிலும் நன்னடத்தையிலும் சிறந்த மாணவர்களுக்கு மிதிவண்டி வழங்க வேண்டும் என்பது அவருடைய விருப்பம். ஒன்று 200 ரிங்கிட் வீதம் 20 வண்டிகள் வாங்கலாம் என்று செயலவையினர் ஒருவர் முன்மொழிந்தார். 500 ரிங்கிட் வீதம் எட்டு வண்டிகள் வாங்குவோம் என்று நான் சொன்னேன். அப்போதுதான் அந்த நகைப்பு எழுந்தது.

“சின்னப் பிள்ளைங்கதானே சார். ரெண்டு வருசத்துல வளர்ந்துடுவாங்க. இது போதும்,” என்றார் ஒருவர்.

“இருபது பிள்ளைங்க மேடையில வரிசையா நின்னா படத்துக்கு எவ்வளவு அழகா இருக்கும்!” என்றார் இன்னொருவர்.

முடிவு அடுத்த கூட்டத்திற்கு ஒத்திவைக்கப்பட்டிருக்கிறது. அக்கூட்டத்தில் நான் சொல்லப் போவதை இங்கே முன்கூட்டியே எழுதி வைக்கிறேன். பிற பள்ளிகளிலும் இதே பேச்சு நடக்கிறது என்பதை நான் அறிவேன். இது என் பள்ளிக் கதை மட்டுமன்று.

ஒரு சிறு குறிப்பு: மிதிவண்டியின் உறுப்புகளைக் கடைகளில் வழங்கும் பெயர்களிலேயே எழுதுகிறேன். கடையில் போய்க் கேட்கும்போது பெற்றோருக்குப் புரிய வேண்டும் என்பதே காரணம். தனித்தமிழ் அன்பர்கள் பொறுத்தருள்க.

நான் செய்த பிழை

பிறரைக் குறை சொல்லும் முன் என் பிழையைச் சொல்லிவிடுவது முறை.

2013-ஆம் ஆண்டு. யு.பி.எஸ்.ஆர். தேர்வு நடைமுறையில் இருந்த காலம். (அத்தேர்வு 2021-இல் அகற்றப்பட்டது.) 7ஏ பெற்ற மாணவர்களுக்கு மிதிவண்டி தருவதாக அப்போது நான் பணியாற்றிய பள்ளி அறிவித்தது. பத்துப் பேர் பெற்றார்கள். பரிசுகளை வாங்கும் பொறுப்பு என்னிடம் வந்தது. மூன்று இடங்களில் விலை கேட்டேன். ஒரு பேரங்காடியில் ஒன்று 175 ரிங்கிட். ஒரு கடையில் 320. மற்றொரு மிதிவண்டிக் கடையில் 460. ‘மிகக் குறைந்த விலையை ஏற்கலாம்’ என்று என் கைப்படவே எழுதிக் கொடுத்தேன்.

175-க்கும் 320-க்கும் இடையே வேறுபாடு 145 ரிங்கிட். பத்து வண்டிக்கு 1,450 ரிங்கிட் மிச்சம். அந்த மிச்சம் எங்கே போயிற்று தெரியுமா? விழாவின் விருந்துக்கும் பந்தலுக்கும் பதாகைக்கும் போயிற்று. சிக்கனமாகச் செயல்பட்டதாகக் கூட்டத்தில் எனக்குக் கைதட்டலும் கிடைத்தது.

அந்தப் பத்து மாணவர்களில் ஒருவன் செம்பனைத் தோட்டத்திலிருந்து வந்தவன். 2014-ஆம் ஆண்டு இடைநிலைப் பள்ளிக்குச் சென்ற பிறகு, தோட்டத்திலிருந்து பெரிய சாலையில் இருக்கும் பேருந்து நிறுத்தம் வரை அந்த மிதிவண்டியில்தான் சென்று வந்தான். தோட்டத்துச் சாலை ஓர் இறக்கத்தில் இறங்கிப் பெரிய சாலையில் முடியும். அந்தச் சாலையில் லோரிகள் ஓயாமல் ஓடும்.

ஏப்ரல் மாதத்தில் ஒரு நாள் காலை. மழை தூறிக்கொண்டிருந்தது. இறக்கத்தில் வரும்போது பிரேக்கைப் பிடித்திருக்கிறான். வண்டி நிற்கவில்லை. காலை ஊன்றிப் பார்த்திருக்கிறான். அப்போதும் நிற்கவில்லை. எதிரே பெரிய சாலை. பையன் சமயோசிதமாக வண்டியை ஒடித்துச் சாலையோரக் கால்வாய்க்குள் விட்டுவிட்டான். இடக்கை முறிந்தது, முன்பற்கள் இரண்டு போயின. உயிர் தப்பியது.

செய்தி அறிந்து மருத்துவமனைக்குச் சென்றேன். கையில் மாவுக்கட்டோடு கிடந்த பிள்ளை என்னைக் கண்டதும் சொன்ன முதல் வார்த்தை: “ஐயா, நீங்க குடுத்த பரிசு வண்டிய உடைச்சிட்டேன். மன்னிச்சிருங்க ஐயா.”

மன்னிப்புக் கேட்க வேண்டியவன் அவனா, நானா? அன்று என்னால் வாய் திறக்க முடியவில்லை. இன்று திறக்கிறேன்.

அந்த வண்டியைப் பிரித்துப் பார்த்தபோது

வளைந்துபோன அந்த வண்டியை அவனுடைய தந்தையின் அனுமதியோடு நானே எடுத்துச் சென்றேன். எங்கள் வட்டாரத்தில் நெடுங்காலமாக மிதிவண்டிக் கடை வைத்திருக்கும் சீனப் பெரியவர் ஒருவரிடம் கொண்டுபோய்ப் போட்டேன். 460 ரிங்கிட் விலை சொன்னவர் அவர்தான் என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். அவர் என்னைக் குத்திக் காட்டவில்லை. ஒரு முக்காலியைப் போட்டு உட்கார வைத்து, வண்டியை உறுப்பு உறுப்பாகப் பிரித்துக் காட்டினார். அன்று நான் கற்றது இது:

முதலாவது, சக்கரம். ஆரக்கம்பிகள் ஒரே சீரான இறுக்கத்தில் இருந்தால்தான் சக்கரம் நேராகச் சுழலும். விலை குறைந்த வண்டியில் கம்பிகள் ஒன்று இறுக்கமாகவும் ஒன்று தொய்வாகவும் இருக்கும். இரண்டு மாதம் ஓட்டினால் சக்கரம் இடமும் வலமும் ஆடத் தொடங்கும். ஆடும் சக்கரம் பிரேக் கட்டையில் உரசும். உரசினால் மிதிப்பது கடினமாகும். வீட்டில் என்ன செய்வார்கள்? பிரேக் கம்பியைத் தளர்த்திவிடுவார்கள். அந்தப் பையனின் அண்ணன் அதைத்தான் செய்திருந்தான். தம்பி மீது கொண்ட அன்பினால் செய்தான். அவன் மீது குற்றமில்லை. ஆடாத சக்கரமாக இருந்திருந்தால் அவன் கம்பியைத் தொட்டிருக்கவே மாட்டான்.

இரண்டாவது, ரிம். அந்த வண்டியின் ரிம் இரும்பினால் ஆனது. மேலே பளபளக்கும் குரோம் பூச்சு. வெயிலில் அது ஓரளவு நிற்கும். மழையில் நனைந்தால் அந்த வழுவழுப்பான பூச்சின் மேல் ரப்பர் கட்டை வழுக்கும். வண்டி நிற்பதற்கு வேண்டிய தூரம் பல மடங்கு கூடிவிடும். அலுமினிய ரிம்மில் ஈரத்திலும் கட்டை இதைவிட நன்றாகப் பிடிக்கும். மழை கொட்டாத மாதமே இல்லாத நம் நாட்டில் இது சிறிய வேறுபாடா?

மூன்றாவது, பிரேக் கையும் கம்பியும். மெல்லிய தகட்டை வளைத்துச் செய்த பிரேக் கை, அழுத்தும்போது தானே வளைந்து கொடுத்தது. பையன் கொடுத்த அழுத்தத்தில் பாதி ரிம்மைச் சேரவே இல்லை. உறைக்குள் ஓடும் கம்பி நான்கே மாதத்தில் துருப்பிடித்திருந்தது.

நான்காவது, பேரிங் குண்டுகள். சக்கரத்தின் நடுவில் சுழலும் அந்தச் சிறு எஃகு மணிகளுக்கு கிரீஸ் வேண்டும். பெரியவர் கழற்றிக் காட்டியபோது கிரீஸ் இருந்த அடையாளமே தெரியவில்லை. நீர் புகாமல் தடுக்கும் மூடியும் இல்லை. மணிகள் செம்மண் நிறத்தில் இருந்தன.

ஐந்தாவது, பொருத்திய முறை. பெடல்களில் ஒரு நுட்பம் உண்டு. வலப்பக்கப் பெடலுக்கு வழக்கமான மரை. இடப்பக்கப் பெடலுக்கு எதிர்மரை. மிதிக்க மிதிக்கக் கழன்றுவிடாமல் இருப்பதற்காக அப்படிச் செய்கிறார்கள். இதை அறியாதவர் இடத்தை மாற்றி வைத்து வலுவாகத் திருகினால் மரை தேய்ந்துவிடும். பெடல் ஒருநாள் கழன்று விழும். அந்த வண்டியின் இடப்பெடல் கோணலாகத்தான் ஏறியிருந்தது. பேரங்காடியில் காலையில் அரிசி மூட்டை அடுக்கியவரே மாலையில் மிதிவண்டி பூட்டுகிறார் என்றால், அவர் மீது என்ன குற்றம்? அவருக்கு யாரும் கற்றுக் கொடுக்கவில்லை.

ஆக, 175 ரிங்கிட் வண்டிக்கும் 460 ரிங்கிட் வண்டிக்கும் உள்ள வேறுபாடு பெயர்ப்பலகையிலோ வண்ணத்திலோ இல்லை. சீராகக் கட்டிய சக்கரம், அலுமினிய ரிம், வளையாத பிரேக் கை, கிரீஸ் இட்ட பேரிங், தொழில் தெரிந்தவரின் கை. நாம் கூடுதலாகக் கொடுக்கும் பணம் இவற்றுக்கே போகிறது. கண்ணுக்குத் தெரியாத இடங்களில் போவதால்தான் அது வீண் செலவாக நமக்குத் தோன்றுகிறது.

இனி, வழக்கமாகச் சொல்லப்படும் நான்கு வாதங்களுக்கு வருவோம்.

“ரெண்டு வருசத்துல வளர்ந்துடுவான்”

வளரட்டும். அவன் வளர்ந்த பிறகு அந்த வண்டி என்ன ஆகிறது என்பதே கேள்வி. மலிவு வண்டி பழைய இரும்புக்காரரின் லோரியில் ஏறுகிறது. நல்ல வண்டி தம்பிக்குப் போகிறது. பிறகு தங்கைக்குப் போகிறது. அதன் பிறகும் யாராவது ஒருவர் நூறு ரிங்கிட்டுக்கு வாங்கிக்கொள்வார். என் இளைய மகளுக்கு நான் கொடுத்த வண்டி அவளுடைய அக்காள் ஓட்டியது. 480 ரிங்கிட்டுக்கு வாங்கியது. டயரும் பிரேக் கட்டையும் மட்டுமே மாற்றினேன். அதே காலத்தில் அண்டை வீட்டில் மூன்று மலிவு வண்டிகள் வந்து போயின. கூட்டிப் பாருங்கள், மூன்றாம் ஆண்டு மாணவனுக்கும் விடை தெரியும்.

இன்னொன்றும் உண்டு. ‘வளர்ந்துவிடுவான்’ என்று சொல்லிக்கொண்டே, கால் தரையில் எட்டாத பெரிய வண்டியையும் நம் பெற்றோர் வாங்குகிறார்கள். சட்டையைப் பெரிதாகத் தைக்கலாம். மிதிவண்டியைப் பெரிதாக வாங்கக்கூடாது. பிரேக் கையைக்கூட எட்டிப் பிடிக்க முடியாத பிள்ளை எப்படி வண்டியை நிறுத்தும்?

“இருக்கிற பணத்துக்கு இதுதான் முடியும்”

இவ்வாதத்தை நான் மதிக்கிறேன். நானும் தோட்டத்துப் பிள்ளைதான். கெடா மாநிலத்தில் சுங்கைப் பட்டாணி வட்டாரத்தில் என் தந்தையார் பால்மரம் வெட்டினார். அவரிடம் ஒரு ராலே வண்டி இருந்தது. இங்கிலாந்தின் நொட்டிங்ஹாம் நகரில் தோன்றிய பெயர் அது. பிறர் ஓட்டிய வண்டியை மாதத் தவணையில் வாங்கினார். அதில்தான் பால் வாளிகள் போயின; அதில்தான் நானும் பள்ளிக்குப் போனேன்.

பழையதெல்லாம் பொன் என்று நான் சொல்ல வரவில்லை. அந்த வண்டி மலைபோல் கனக்கும். அதன் இரும்பு ரிம்மும் கம்பிப் பிரேக்கும் மழையில் சரியாகப் பிடிக்கா. அப்பா இறக்கத்தில் இறங்கித் தள்ளிக்கொண்டுதான் வருவார். ஆனால் அதில் எந்த உறுப்பு பழுதானாலும் அதை மட்டும் மாற்ற முடிந்தது. ஏழைக்குத் தேவைப்பட்டது பழுது பார்க்கக்கூடிய பொருள். அதை அவர் பழையதாக வாங்கினார், மட்டமானதாக வாங்கவில்லை.

இன்றும் அந்த வழி திறந்தே இருக்கிறது. ஜப்பானில் ஓட்டப்பட்ட பழைய மிதிவண்டிகள் நம் நாட்டிற்கு இறக்குமதியாகிப் பல ஊர்களில் விற்கப்படுகின்றன. எங்கள் வட்டாரத்தில் 200, 250 ரிங்கிட்டுக்கே நல்லது கிடைக்கிறது. அலுமினிய ரிம், துருப்பிடிக்காத ஆரக்கம்பி, விளக்கு, மணி, சங்கிலி மூடி என எல்லாம் இருக்கும். வண்ணம் கொஞ்சம் மங்கியிருக்கும். அவ்வளவுதான்! புதிய மட்டமான வண்டியின் விலைக்கே பழைய நல்ல வண்டி கிடைக்கும்போது, ‘இதுதான் முடியும்’ என்பது உண்மையன்று. ‘பிள்ளைக்குப் பழையதா கொடுப்பது?’ என்ற வெட்கமே உண்மை. அந்த வெட்கத்தைப் பிள்ளையின் எலும்பு சுமக்க வேண்டுமா?

“இருபது பேருக்குக் கிடைக்குமே!”

எனக்கு மிகுந்த சினத்தை மூட்டும் வாதம் இதுதான்.

இருபது பேருக்கு என்ன கிடைக்கும்? மிதிவண்டியின் வடிவில் ஒரு பொருள் கிடைக்கும். கொடுப்பவருக்கு இருபது என்ற எண் கிடைக்கும். நாளிதழில் படம் வரும். பெரிய மாதிரிக் காசோலையைப் பிடித்துக்கொண்டு நாம் அனைவரும் சிரிப்போம். ஆறு மாதம் கழித்து அந்த இருபது வண்டிகளும் எங்கே கிடக்கின்றன என்று யாராவது படம் எடுத்ததுண்டா? 2013-இல் நான் வாங்கிய பத்து வண்டிகளைத் தேடிப் போனேன். மறு ஆண்டு முடிவில் ஓடிக்கொண்டிருந்தவை மூன்று. மற்றவை வீட்டுப் பின்புறத்தில் கொடி படர்ந்து கிடந்தன. பத்துப் பேருக்குக் கொடுத்ததாக நினைத்தோம். உண்மையில் மூன்று பேருக்குத்தான் கொடுத்திருக்கிறோம். ஒருவனைக் கால்வாயில் தள்ளியிருக்கிறோம்.

வசதி குறைந்த வீட்டுப் பிள்ளைகளுக்குக் கொடுக்கும்போது மட்டும் ஏன் ‘இது போதும்’ என்ற சொல் நம் வாயில் இவ்வளவு எளிதாக வருகிறது? தோட்டத்துப் பிள்ளை விளையாட்டுக்காக வண்டி ஓட்டுவதில்லை. தாமானில் இருக்கும் பிள்ளை மாலையில் அரை மணி நேரம் வீட்டு முன்னால் சுற்றுகிறது. தோட்டத்துப் பிள்ளையோ மழையிலும் இருட்டிலும் மேட்டிலும் பள்ளத்திலும் நாள்தோறும் பள்ளிக்காக ஓட்டுகிறது. உறுதியான வண்டி யாருக்கு வேண்டும்? நாம் தலைகீழாக அல்லவா கொடுத்துக்கொண்டிருக்கிறோம்!

“விலை கூடியதெல்லாம் ஆடம்பரம்”

இதில் பாதி உண்மை உண்டு. அந்தப் பாதியை ஒப்புக்கொள்கிறேன். விலை ஏற ஏறத் தரமும் அதே அளவில் ஏறுவதில்லை. 200 ரிங்கிட்டிலிருந்து 500 ரிங்கிட்டுக்குப் போகும்போது கிடைப்பது பாதுகாப்பும் உழைப்பும். 500-லிருந்து ஆயிரத்துக்குப் போனால் எடை குறையும். கியர் துல்லியமாக மாறும். ஐயாயிரத்துக்கும் பத்தாயிரத்துக்கும் மேலே போனால் கார்பன் சட்டம் வரும்; சில நூறு கிராம் எடை குறையும். அது பந்தய வீரருக்கு வேண்டியது. பள்ளி மாணவனுக்கு வேண்டா.

விலை மட்டுமே தரத்தின் அடையாளமும் அன்று. கேலிச்சித்திரக் கதாபாத்திரத்தின் படத்தை ஒட்டி நூறு ரிங்கிட் கூட்டி விற்கும் வண்டிகள் உண்டு. ‘21 கியர்’ என்று பெரிய எழுத்தில் ஒட்டியிருப்பார்கள். நான்காம் நாளே சங்கிலி கழன்று விழும். முன்புறத்தில் தடித்த ஸ்பிரிங் வைத்திருப்பார்கள். அது அதிர்ச்சியைத் தாங்குவதைவிட எடையைக் கூட்டுவதே மிகுதி. நல்ல 20 அங்குல வண்டி எட்டு, ஒன்பது கிலோதான் இருக்கும். ஸ்பிரிங்கும் தடித்த இரும்புக் குழாயும் சேர்ந்த மலிவு வண்டி 13, 14 கிலோ இருக்கும். 28 கிலோ எடையுள்ள பிள்ளைக்கு அது தன் எடையில் பாதி. 70 கிலோ எடையுள்ள தந்தை 35 கிலோ வண்டியை மிதிப்பாரா? கியரும் ஸ்பிரிங்கும் இல்லாத எளிய நல்ல வண்டியே சிறுவர்களுக்குப் போதும்.

ஆனால் ஒரு கேள்வி. ஞாயிறுதோறும் எண்ணாயிரம் ரிங்கிட் கார்பன் வண்டியில், தலைக்கவசமும் கருப்புக் கண்ணாடியும் அணிந்து வலம் வரும் தந்தைமார் சிலரை நான் அறிவேன். அவர்களுடைய பிள்ளைகள் பள்ளிக்கு வருவது 170 ரிங்கிட் வண்டியில்! தமக்கு ஆடம்பரம் ஆகாதென்று அவர்கள் ஏன் சொல்லிக்கொள்வதில்லை?

பிரேக் என்பது என்ன?

2017-ஆம் ஆண்டு பிப்ரவரி 18-ஆம் நாள் பின்னிரவில், ஜொகூர் பாருவில் நடந்த கொடுமையை நாம் மறந்திருக்க மாட்டோம். ‘பசிக்கால் லாஜாக்’ என்று சொல்லப்படும் மாற்றியமைத்த மிதிவண்டிகளில் கூட்டமாகச் சென்ற பதின்ம வயதினர் எண்மர், மகிழுந்து மோதி மாண்டனர். நாடே அழுதது. ‘அந்நேரத்தில் பெற்றோர் என்ன செய்தார்கள்?’ என்று நாம் கேட்டோம்.

அவ்விபத்தையும் மலிவு வண்டியையும் முடிச்சுப் போடுவது என் நோக்கமன்று. அது வேறு; இது வேறு. ஆனால் லாஜாக் வண்டிகளில் பிரேக்கைக் கழற்றி எறியும் வழக்கம் உண்டு என்று கேள்விப்பட்டபோது என் மனத்தில் ஒன்று உறுத்தியது. பிரேக் என்பது வாழ்க்கைக்கு இன்றியமையாதது என்பதை நாம் அப்பிள்ளைகளுக்கு எப்போது காட்டினோம்? முதல் வண்டியிலிருந்தே பிடித்தும் பிடிக்காத பிரேக்கையே கண்டு வளர்ந்த பிள்ளைக்கு, அது கழற்றி எறியக்கூடிய ஓர் அணிகலனாகத் தோன்றுவதில் வியப்பென்ன? சாலைப் பாதுகாப்பைப் பாடநூலில் கற்பிக்கிறோம், பதாகை எழுதுகிறோம், போட்டி வைக்கிறோம். அதே மேடையில் நிற்காத வண்டியைப் பரிசாகவும் கொடுக்கிறோம்.

வாங்குமுன் பார்க்க வேண்டியவை

குறை சொல்வதோடு நின்றால் பயனில்லை. அந்தக் கடைப் பெரியவர் எனக்குச் சொல்லிக் கொடுத்தவற்றைப் பெற்றோருக்காக இங்கே தருகிறேன். இவற்றைப் பார்க்க ஐந்து நிமிடம் போதும்.

1. ஒரு சிறு காந்தத்தைச் சட்டைப்பையில் கொண்டுபோங்கள். ரிம்மில் வைத்துப் பாருங்கள். ஒட்டினால் இரும்பு, ஒட்டாவிட்டால் பெரும்பாலும் அலுமினியம். அறிவியல் பாடத்தைப் பிள்ளையையே செய்யச் சொல்லுங்கள்.

2. சக்கரத்தைத் தூக்கிச் சுற்றிவிடுங்கள். பிரேக் கட்டைக்கும் ரிம்முக்கும் உள்ள இடைவெளி மாறாமல் இருக்கிறதா? கரகரவென்ற ஒலியின்றி நெடுநேரம் சுழல்கிறதா?

3. ரிம்மைப் பிடித்துப் பக்கவாட்டில் அசைத்துப் பாருங்கள். ‘டக் டக்’ என்று ஆடினால் பேரிங் சரியில்லை.

4. பிள்ளையின் விரல்களால் பிரேக்கைப் பிடிக்கச் சொல்லுங்கள். உங்கள் விரல்களால் அன்று! கை எட்ட வேண்டும். முழுவதும் அழுத்தினாலும் பிரேக் கை கைப்பிடியில் முட்டக்கூடாது. முன் பிரேக்கைப் பிடித்தபடி வண்டியை முன்னே தள்ளினால் முன் சக்கரம் சுழலக்கூடாது.

5. முன் ஃபோர்க் திரும்பிப் பொருத்தப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். ஃபோர்க்கின் வளைவு முன்னோக்கி இருக்க வேண்டும். பூட்டத் தெரியாத இடங்களில் அதைப் பின்னோக்கி மாட்டி விற்கிறார்கள். அப்படி ஒரு வண்டியைக் கண்டால் அந்தக் கடையை விட்டே வெளியேறுங்கள்.

6. இருக்கையில் அமர்ந்தால் பிள்ளையின் கால் தரையில் ஊன்ற வேண்டும்.

7. ஐ.எஸ்.ஓ. 4210 என்ற பன்னாட்டுத் தரநிலைக்கு ஏற்பச் செய்யப்பட்டதா என்று கேளுங்கள். 635 மில்லிமீட்டரும் அதற்கு மேலும் இருக்கை உயரம் உள்ள வண்டிகளுக்கானது அது. அதற்கும் சிறிய வண்டிகளுக்கு ஐ.எஸ்.ஓ. 8098. முன்னதில் பிரேக்கை உலர்ந்த நிலையிலும் ஈர நிலையிலும் சோதிக்க வேண்டும் என்ற விதி உண்டு. விற்பவருக்குக் கேள்வியே புரியவில்லை என்றால் அதுவும் ஒரு விடைதான்.

இவற்றுள் முதல் நான்கில் ஒன்று தவறினாலும் எவ்வளவு மலிவாக இருந்தாலும் வேண்டா.

முன்னரே மலிவு வண்டி வாங்கிவிட்ட பெற்றோர் மனம் கலங்க வேண்டியதில்லை. ஒரு மிதிவண்டிக் கடைக்குக் கொண்டுபோய்ச் சக்கரத்தை நேராக்கி, பேரிங்குக்கு கிரீஸ் இட்டு, பிரேக் கட்டையையும் கம்பியையும் மாற்றச் சொல்லுங்கள். அது நல்ல வண்டி ஆகிவிடாது. ஆனால் வெயில் நாளிலாவது நிற்கும். மழையில் இறக்கத்தில் இறங்கித் தள்ளிவரச் சொல்லுங்கள். என் தந்தையார் செய்ததும் அதுதான்.

முடிவாக

அடுத்த கூட்டத்தில் நான் மூன்று கோரிக்கைகளை முன்வைக்கப் போகிறேன். ஒன்று, வண்டியின் எண்ணிக்கையை விலையைக் கொண்டு முடிவு செய்யாமல் தரத்தைக் கொண்டு முடிவு செய்ய வேண்டும். எட்டு என்றால் எட்டு. கூடுதலாக வேண்டுமென்றால் தேர்ந்தெடுத்த பழைய ஜப்பானிய வண்டிகளைச் சேர்த்துக்கொள்ளலாம். இரண்டு, தொழில் தெரிந்த கடைக்காரர் பூட்டிச் சோதித்த பிறகே மேடை ஏற வேண்டும். மூன்று, ஆறு மாதம் கழித்து ஒரு சனிக்கிழமை எல்லா வண்டிகளையும் பள்ளித் திடலுக்கு வரவழைத்துப் பழுது பார்க்க வேண்டும். நன்கொடையாளரையும் அன்று அழைப்போம். படம் எடுக்க விரும்புவோர் அன்று எடுத்துக்கொள்ளட்டும்!

பெரும்பான்மை முடிவு இருபது மலிவு வண்டிகள் என்றே அமையுமானால், வாங்கும் பட்டியலில் நான் கையெழுத்திட மாட்டேன். ஒருமுறை இட்ட கையெழுத்து போதும்.

கால்வாயில் விழுந்த அந்த மாணவன் நன்றாக இருக்கிறான். வளர்ந்து வேலைக்குப் போகிறான். இடக்கை சற்றே வளைந்திருக்கும். தீபாவளிக்கு வாழ்த்துச் சொல்ல அழைப்பான். அந்த வண்டியைப் பற்றி ஒருநாளும் பேசியதில்லை. அவன் மன்னித்துவிட்டான். நல்ல பிள்ளை. ஆனால் எல்லா இறக்கத்தின் ஓரத்திலும் கால்வாய் இருக்காது.

உங்கள் பள்ளியில் என்ன நடக்கிறது? பரிசாகக் கொடுத்த வண்டிகள் இன்று எங்கே இருக்கின்றன? ஆசிரியர்களும் பெற்றோர்களும் தங்கள் பட்டறிவை மறுமொழியில் எழுதுங்கள். மாற்றுக் கருத்து இருப்பினும் தயங்காமல் எழுதுங்கள். விடை கூறக் காத்திருக்கிறேன்.

சிந்திப்போம், செயல்படுவோம்!